அனுபவப் பகிர்வு: ஸ்போர்ட்ஸ் காரில் தீராத வீல் அலைன்மென்ட் தொல்லை

முதல் பதிவு – முத்தியால்பேட்டை, புதுச்சேரி

என்னிடம் இருப்பது நடுவில் எஞ்சின் அமைந்த, இரண்டு இருக்கை கொண்ட ஒரு ஜெர்மன் கார். முன்னால் 235/40 ஆர்18, பின்னால் 265/40 ஆர்18 டயர்கள். சாலை வரி குறைவு என்பதற்காகப் புதுச்சேரியில் பதிவு செய்துவிட்டு வெளியூரிலேயே ஓட்டப்பட்ட எத்தனையோ கார்களில் இதுவும் ஒன்று. பி.ஒய்.01 எண்ணைச் சுமந்தபடி பெங்களூரில் பல ஆண்டுகள் ஓடி, 2019இல் நான் வாங்கிய பிறகுதான் தன் சொந்த ஊரையே முதன்முதலாகப் பார்த்தது.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு நம் ஊரருகே கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் வடிந்து கடலூர் சாலை திறந்த பிறகு ஒரு நாள், கிருமாம்பாக்கத்தைத் தாண்டும்போது, வெறும் தேங்கிய நீர் என்று நான் நினைத்த இடத்தில் ஆழமான பள்ளம் இருந்தது. முன்சக்கரம் தப்பித்துக்கொண்டது, வலப்பின் சக்கரம் இறங்கி ஏறிய சத்தம் முதுகுத்தண்டில் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். ரிம் வளையவில்லை, டயரில் வீக்கம் இல்லை. அன்றோடு அது முடிந்தது என்றே எண்ணினேன்.

மறுவாரமே ஸ்டீயரிங் நேராக நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. முதல் கடையில் முன்சக்கரங்களுக்கு மட்டும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்த்தார்கள். மேடையில் ஸ்டீயரிங்கை நேராக்கி, கிளாம்ப் போட்டுப் பூட்டி, முன்சக்கரத்தைத் திருப்பும் டை ராட் தண்டைத் திருகிச் சரிசெய்து அனுப்பினார்கள். மரப்பாலம் வருவதற்குள் அது பழையபடி இரண்டு விரல் அளவு வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டாவது கடையில் நான்கு சக்கரத்தையும் கேமராவால் அளக்கும் இயந்திரம் இருந்தது. என் காரின் மூக்கு மிகத் தாழ்ந்தது என்பதால், மேடையில் ஏறும்போது இடிக்காமலிருக்க இரண்டு பலகைகளை அண்டை கொடுத்தார்கள். அந்த அக்கறையைப் பார்த்தே என் மனம் நிறைந்துவிட்டது. வெளியே வந்தபோது ஸ்டீயரிங் நேராக இருந்ததும் உண்மைதான். ஆனால் அதன் பிறகு காரின் நடத்தை விசித்திரமானது: இடப்பக்க வளைவில் ஒருவிதமாகவும் வலப்பக்க வளைவில் வேறுவிதமாகவும் திரும்பியது, ஈரச் சாலையில் வேகம் கூட்டினால் பின்பகுதி லேசாக நழுவப் பார்த்தது. ஏழாயிரம் கிலோமீட்டரில் வலப்பின் டயரின் உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. குனிந்து கையை உள்ளே விட்டுத் தடவினால்தான் தெரியும் தேய்மானம் அது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதுபோலவே இருக்கும்.

மூன்றாவது கடை டயரைக் குறை சொன்னது. முன்டயர்களை இடம் வலமாக மாற்றிப் பார்த்தார்கள். எந்த மாற்றமும் இல்லை. பின்னால் இரண்டு புது டயர் வாங்கிப் போட்டேன். இப்போது அவையும் உள்பக்கம் தேயத் தொடங்கிவிட்டன.

கடைசியாக எடுத்த அலைன்மென்ட் தாளிலுள்ள அளவுகள் இவை. டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே (பிளஸ், டோ இன்) அல்லது வெளியே (மைனஸ், டோ அவுட்) திரும்பியிருக்கும் கோணம். கேம்பர் என்பது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே (மைனஸ்) அல்லது வெளியே (பிளஸ்) சாய்ந்திருக்கும் கோணம். முன்புறம் நான்கு கட்டங்களும் பச்சை. பின்புறம் இடது டோ பிளஸ் 0.17 டிகிரி, வலது டோ மைனஸ் 0.50 டிகிரி, வலது கேம்பர் மைனஸ் 2.3 டிகிரி, எல்லாம் சிவப்பு. கேட்டதற்கு, "ஸ்போர்ட்ஸ் கார்னா பின்னாடி அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். இதே தொல்லையைப் பட்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

இரண்டாம் பதிவு – மஞ்சக்குப்பம், கடலூர்

முத்தியால்பேட்டை நண்பருக்கு வணக்கம். அந்தக் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வளைவில் பிடிமானம் வேண்டும் என்பதற்காக இத்தகைய கார்களின் பின்சக்கரங்களுக்கு மைனஸ் கேம்பர் கொடுத்தே தயாரிக்கிறார்கள். ஆனால் பின்னால் டோ அவுட் கொடுக்கும் தயாரிப்பாளரை நான் பார்த்ததில்லை. வேகத்தில் நிலையாக ஓடுவதற்காகச் சிறிதளவு டோ இன்தான் வைப்பார்கள். உங்கள் தாளின்படி இரண்டு பின்சக்கரமுமே வலப்பக்கம் பார்க்கின்றன, அவற்றில் வலது சக்கரம் அதிகமாகப் பார்க்கிறது. இந்த இரண்டின் நடுக்கோடுதான் கார் உண்மையில் செல்லும் திசை. அதைத் திரஸ்ட் ஆங்கிள் என்பார்கள். உங்கள் காருக்கு அது ஏறத்தாழ மூன்றில் ஒரு டிகிரி வருகிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே இரண்டேகால் முதல் இரண்டரை மீட்டர் தூரம் (வீல்பேஸ்) உள்ள காரில், பின்பகுதி சுமார் 14 மில்லிமீட்டர் ஒதுங்கி, நண்டு நடப்பதுபோல ஓடும். முதல் கடை பின்சக்கரத்தைப் பார்க்காமல் முன்னதை நேராக்கியதால் ஸ்டீயரிங் சாய்ந்தது. இரண்டாவது கடை, கோணலான பின்பகுதிக்கு ஏற்றபடி முன்சக்கரங்களையும் திருப்பிவிட்டதால் ஸ்டீயரிங் நேரானது, கோணல் அப்படியே இருந்தது. மொத்தக் கணக்கில் ஒவ்வொரு பின்டயரும் ஆறில் ஒரு டிகிரி டோ அவுட்டில் உருள்கிறது. அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. மைனஸ் கேம்பரும் சேர்ந்துகொண்டால் உள்விளிம்பில் கம்பி தெரியாமல் என்ன செய்யும்?

உங்களிடம் உள்ள தாள்கள் அனைத்தையும் எடுத்து, "சரிசெய்வதற்கு முன்", "சரிசெய்த பின்" என்ற இரண்டு பத்திகளில் பின்சக்கர எண்கள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். மாறவில்லையென்றால் அங்கே யாரும் ஸ்பானரே வைக்கவில்லை என்று பொருள்.

இயந்திரத்தையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். ரிம்மில் கிளாம்ப் மாட்டியபின் காரைச் சிறிது உருட்டி, கிளாம்ப் கோணலாக உட்கார்ந்ததாலோ ரிம் நெளிந்ததாலோ வரும் ரன் அவுட் பிழையைக் கழிக்க வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டிவிடுகிறார்கள். என் கூபேயை ஒரே கடையில் ஒரே மணி நேரத்தில் இரண்டு முறை அளந்தபோது இரண்டு விடை வந்தது. அதன் பிறகு நான் கடலூர் முதுநகரில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் மட்டுமே போகிறேன். துறைமுகப் பக்கம் கிடைக்கும் தூண்டில் நரம்பைக் காரின் இருபுறமும் நான்கு ஸ்டாண்டில் இழுத்துக் கட்டி, வீல் ஹப்பிலிருந்து சம தூரம் வைத்து, ஸ்டீல் ஸ்கேலால் ரிம்மின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் அளப்பார். உங்கள் வகைக் காரில் முன் டிராக்கும் பின் டிராக்கும் (இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) ஒரே அகலம் இல்லை என்பதை மட்டும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கேம்பரைச் சரிசெய்கிறேன் என்று சில கடைகளில் ஹைட்ராலிக் ஜாக்கி போட்டு வளைப்பார்கள். சிறிய கார்களின் இரும்பு ஸ்ட்ரட்டில் (ஷாக் அப்சார்பர் தூணில்) செய்து பழகிய வேலை அது. உங்கள் காரில் சக்கரத்தைத் தாங்கும் அலுமினிய நக்கிளில் யாராவது ஜாக்கியைக் கொண்டுவந்தால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மூன்றாம் பதிவு – வில்லியனூர்

என் அனுபவம் சிறியது. டோ சரிசெய்த பிறகு ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராததால், நேர் சாலையிலேயே, கார் வழுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி அமைப்பின் விளக்கு எரிந்து, வளைவில் பிரேக் தானாகப் பிடித்தது. காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

நான்காம் பதிவு – மீண்டும் முத்தியால்பேட்டையிலிருந்து

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. மஞ்சக்குப்பம் நண்பர் சொன்னபடி தாள்களை எடுத்துப் பார்த்தேன். பின்சக்கரமும் அளக்கப்பட்ட மூன்று தாள்களிலும் அந்த எண்கள் "சரிசெய்வதற்கு முன்" பத்தியில் எப்படியோ அப்படியே "சரிசெய்த பின்" பத்தியிலும் இருந்தன. பச்சைக் கட்டங்களை மட்டுமே பார்த்துப் பணம் கொடுத்த என்னை நானே நொந்துகொண்டேன்.

முதுநகருக்குக் காரைக் கொண்டுபோனேன். காலை வெயில் ஏறுமுன் பெரியவர் நரம்பைக் கட்டி முடித்திருந்தார். வலப்பின் ரிம்மின் முன்விளிம்பு, பின்விளிம்பைவிட நரம்புக்கு 4 மில்லிமீட்டர் நெருக்கமாக இருந்தது. இடப்பின்னில் நேர்மாறாக ஒன்றரை மில்லிமீட்டர். என்னையே ஸ்கேலைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். "இதுக்கு ஏன் தம்பி முன்னாடி திருகுனாங்க?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் காருக்கு அடியில் போய்விட்டார்.

அங்கே இரண்டு குறைகள் இருந்தன. வலப்பின் சக்கரத்தின் டோவை நிர்ணயிக்கும் டோ லிங்க் தண்டு பள்ளத்தில் வளைந்திருந்தது. பொருத்தியிருந்தபோது கண்ணுக்குத் தெரியவில்லை. கழற்றிச் சிமெண்டுத் தரையில் உருட்டியபோது அது சீராக உருளாமல் தள்ளாடியது. மற்றொன்றுதான் எல்லாக் கடைக்காரர்களையும் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். டோவையும் கேம்பரையும் மாற்றுவதற்குரிய மையம் விலகிய எக்சென்ட்ரிக் போல்ட், ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு துருவேறி ஒன்றாக இறுகிவிட்டிருந்தது. வீட்டு மாடியிலிருந்தே கடல் தெரிகிறது என்று பெருமைப்பட்டவன் நான். ஆறு ஆண்டு உப்புக்காற்றின் கணக்கு அந்தப் போல்ட்டில் எழுதியிருந்தது. ஸ்பானரைப் போட்டால் போல்ட் சுற்றாமல் புஷ்ஷின் ரப்பரே முறுக்கிக்கொண்டது. துருநீக்கி எண்ணெய் அடித்து இரண்டு நாள் ஊறவைத்தும் பயனில்லை. ரப்பரும் பிரேக் குழாயும் அருகிலிருந்ததால் நெருப்பு காட்டவும் வழியில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் அறுத்தே எடுத்தார். போல்ட், எக்சென்ட்ரிக் வாஷர், லோயர் ஆர்ம், டோ லிங்க் ஆகியவற்றை இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டோம். தருவிக்கவே ஐந்து வாரம் ஆயிற்று. புதுப் போல்ட்டுகளில் துருப் பிடித்து இறுகாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் கிரீஸைத் தடவிப் பொருத்தினார். புஷ் போல்ட்டுகளின் இறுதி முறுக்கை, கார் தன் எடையில் சக்கரத்தின் மேல் நின்ற பிறகே கொடுத்தார். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் ஓயாத முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியுமாம்.

நரம்பு வைத்துத் தோராயமாக நேராக்கிய பிறகு, புதுச்சேரியில் வேறொரு கடையில் டேங்கை நிரப்பி, இருக்கையில் எடை வைத்து, முதலில் பின்சக்கரம், பிறகு முன்சக்கரம் என்ற வரிசையில் முடித்தோம். வில்லியனூர் நண்பரை நினைத்து ஸ்கேனரும் கேட்டேன், இருந்தது. பின்னால் டோ இப்போது இரண்டு பக்கமும் பிளஸ் 0.10, கேம்பர் மைனஸ் 1.6, மைனஸ் 1.7. மொத்தச் செலவு, நான் தேய்த்து எறிந்த இரண்டு ஜோடிப் பின்டயர்களின் விலையைவிடக் குறைவு.

நேற்று வரை 3,200 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். வலப்பின் டயரின் டிரெட் ஆழம் உள்விளிம்பில் 6.4 மில்லிமீட்டர், வெளிவிளிம்பில் 6.6.