மாதாமாதம் மாத்திரை வாங்குபவர்களுக்குச் சர்க்கரை குறைகிறது: தீசிஸில் இதை எப்படி எழுதுவது?

காவேரிப்பட்டணம்_மாணவி:
வணக்கம். பார்ம்.டி (மருந்தியல் படிப்பு) கடைசி வருடம் படிக்கிறேன். எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குபவர்களை வைத்துத் தீசிஸ். பதிவேட்டைப் பார்த்து, வருடம் முழுக்க மாதாமாதம் வாங்கியவர்கள் ஒரு பக்கம், விட்டு விட்டு வாங்கியவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்தேன். மாதாமாதம் வாங்கியவர்களுக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் குறைவு. "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதன் பலன்" என்று முடிவுரையில் எழுதலாமா? கைடு எழுதச் சொல்கிறார். வைவாவில் மடக்கிவிடுவார்களோ என்று பயம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று நோயாளியிடமே கேட்கும் மோரிஸ்கியின் எட்டுக் கேள்வித் தாளையும் சேர்க்கச் சொல்கிறார், தேவையா?

பாலக்கோட்டுக்காரன்:
மடக்குவார்கள். நானாக இருந்தாலும் மடக்குவேன். மருந்துப் பயன்பாட்டுத் தரவோடுதான் பெங்களூரில் என் பிழைப்பு ஓடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் மாரடைப்பிலிருந்து பிழைத்த ஆண்களுக்கு, கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைப்ரேட் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொரோனரி டிரக் பிராஜெக்ட் என்று பெயர். 1980இல் வெளியான கணக்கு இது: கொடுத்ததில் 80 சதவீதமாவது சாப்பிட்டவர்களில் ஐந்து ஆண்டுக்குள் இறந்தவர்கள் 15 சதவீதம், அவ்வளவு சாப்பிடாதவர்களில் 24.6 சதவீதம். இதோடு நிறுத்தினால் உங்கள் முடிவுரை ரெடி. ஆனால் வெற்று மாத்திரை கொடுத்த கூட்டத்தையும் பாருங்கள். அதை ஒழுங்காக விழுங்கியவர்களில் 15.1, விழுங்காதவர்களில் 28.2! மருந்தே இல்லாத மாத்திரை உயிரைக் காப்பாற்றுமா என்ன? நோயின் கடுமை முதலான நாற்பது விஷயங்களைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தும் அந்த இடைவெளி மூடவில்லை.

நேரம் தவறாமல் மாத்திரை போடுகிறவருக்கு வீட்டில் கவனிக்க ஆள் இருக்கும். குடியைக் குறைத்திருப்பார். மாம்பழ சீசனில் ஒரு துண்டோடு எழுந்துவிடுகிறவரும் அநேகமாக அவர்தான் (எங்கள் பெரியப்பா அந்த ரகம் இல்லை). நீங்கள் பார்த்த வித்தியாசத்தில் மாத்திரை எவ்வளவு, மனிதர் எவ்வளவு என்று உங்கள் பதிவேடு சொல்லாது. "தொடர்பு இருக்கிறது" என்று எழுதுங்கள். "பலன்" வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை நீங்கள் பிரித்த விதத்தில் இருக்கிறது. வருடம் முழுக்க வாங்கியவர் என்று பெயர் வாங்க, அவர் வருடம் முழுக்க உயிரோடும் ஊரோடும் இருந்தாக வேண்டும். நான்காம் மாதம் பக்கவாதம் வந்து படுத்தவர் தானாகவே 'விட்டு விட்டு' பக்கம் போய் விழுவார். வாங்காததால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரா, சேர்ந்ததால் வாங்கவில்லையா? வைவாவுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) முதலில் இதைத்தான் பிடிப்பார். முதல் ஆறு மாதத்தை வைத்து ஆட்களைப் பிரியுங்கள், ஏழாம் மாதத்திலிருந்து நடந்ததை மட்டும் எண்ணுங்கள்.

மோரிஸ்கி எட்டுக் கேள்விக்கு உரிமம் வாங்க வேண்டும், பணம் கட்ட வேண்டும். வாங்காமல் பயன்படுத்தியவர்களிடம் பிறகு பணம் கேட்டிருக்கிறார்கள். கைடு கட்டினால் சேருங்கள்.

பென்னாகரம்_அக்கா:
நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று இந்தத் திட்டம் தொடங்கியதே உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தால் யார்தான் வாங்க மாட்டார்கள், சொல்லு தங்கச்சி? வாங்கினதெல்லாம் வயிற்றுக்குள் போனதா? வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், சம்சாரம் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பீரோ மேல் வைத்திருக்கும். அவர் ஊருக்கு வரும்போது அட்டை அட்டையாகக் கிடக்கும். களி தின்கிறேன், எனக்கெதற்கு மாத்திரை என்கிற பெரியவர்களும் உண்டு. உன் நோட்டில் இவர்கள் எல்லாரும் மாதாமாதம் வாங்கியவர்கள்தான்.

காவேரிப்பட்டணம்_மாணவி:
அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பதிவேட்டில் நேரில் வந்து வாங்கியதும் வீட்டில் கொடுத்ததும் ஒரே கட்டத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினால் சரியாக வருமா?

பாலக்கோட்டுக்காரன்:
அக்கா சொன்னதுதான் உங்கள் தீசிஸிலேயே முக்கியமான இடம். வீட்டில் வாங்குகிறவரையும் நடந்து வந்து வாங்குகிறவரையும் முதலில் பிரித்துவிடுங்கள். எண்ணுவது நல்லதுதான், ஆனால் வருகிறேன் என்று முன்கூட்டிச் சொன்னால் மீதி மாத்திரை குப்பைக்குப் போயிருக்கும். உங்கள் கல்லூரி நெறிமுறைக் கமிட்டியிடம் அனுமதி வாங்கி, சம்மதம் கேட்கும்போதே "ஏதாவது ஒரு நாள் வருவேன்" என்று மட்டும் சொல்லி வையுங்கள். போகும்போது ஏன் நிறுத்தினார்கள் என்றும் கேளுங்கள். மெட்ஃபார்மின் போட்டால் வயிற்றால் போகிறது, அம்லோடிபின் போட்டால் கால் வீங்குகிறது என்பார்கள். இரண்டும் தெரிந்த பக்கவிளைவுகள். அப்படி நிறுத்தியவரை 'மறந்தவர்' கணக்கில் சேர்க்காதீர்கள், அவருக்குத் தனிக் கட்டம் போடுங்கள்.

பென்னாகரம்_அக்கா:
காலை பத்து மணிக்கு மேல் போகாதே, எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள்.