பள்ளிப் பிள்ளைகளின் புகையிலைப் பழக்கம் – உதவுங்கள்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம். போன வாரம் அக்கா மகன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பைக்குள் கசங்கிய புகையிலைப் பொட்டலம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை! பள்ளிக்கு எதிர்க் கடையில் வாங்கினானாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கவே கூடாது, பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள்ளும் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அவனை மட்டும் திட்டி என்ன பயன்?

சனிக்கிழமை மாலைகளில் ஊருணிக் கரையில் பிள்ளைகளைக் கூட்டிப் பேச நான்கு பேர் சேர்ந்திருக்கிறோம். பயமுறுத்தும் படங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. கூட்டாளி நீட்டும்போது எப்படி மறுப்பது என்று நடித்துப் பழக்க வேண்டும். வாய்ப் பரிசோதனைக்கு ஒரு பல் மருத்துவர், பழக்கத்தை விட்ட இளைஞர் ஒருவர் தேவை. அப்புறம், கடைக்காரர்களிடம் எடுத்துச் சொல்ல ஊர்ப் பெரியவர் யாராவது எங்களோடு வருவீர்களா?