வீட்டுக் கடனுக்கு அரசாங்கமே ஜாமீன் நிக்குமாமே, மாவுக்கடைக்காரங்களுக்குக் கிடைக்குமா?

செல்லூர் மாவுக்கடை:
மதுரை செல்லூர்ல இட்லி மாவு அரைச்சு விக்கிறோம். காலையில ஹோட்டல்களுக்கு, சாயங்காலம் தெருச் சனத்துக்கு. எல்லாச் செலவும் போக மாசம் 40 ஆயிரம் நிக்கும். இப்ப இருக்கறது ஒத்தி வீடு, 5 லட்சம் குடுத்திருக்கோம். ஆனையூர்ப் பக்கம் 22 லட்சத்துக்கு ஒரு வீடு அமைஞ்சிருக்கு. பேங்குல போய்க் கேட்டா மூணு வருஷ ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு) எங்கே, கவர்மெண்ட் உத்தியோகத்துல இருக்கறவுக யாராச்சும் ஜாமீன் போடுவாங்களாங்கிறாங்க. எங்க வகையறாவுல அரசாங்கச் சம்பளம் வாங்குன ஆளே கிடையாது. தனியார் ஃபைனான்ஸ்ல 13 வட்டிக்குத் தர்றேங்கிறாங்க, கூடவே 60 ஆயிரத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணுமாம். இல்லாதவங்க வீட்டுக் கடனுக்கு அரசாங்கமே ஜாமீன் நிக்குதுன்னு அண்ணன் மகன் சொல்றான். அதுக்கு எங்க மனு குடுக்கணும்? இந்த இன்சூரன்ஸும் அதுவும் ஒண்ணுதானா?

பழங்காநத்தம் பாண்டி:
ஒண்ணில்லக்கா. 60 ஆயிரம் கேக்குறானே, அது கமிஷனுக்கு. கையெழுத்துப் போட்டுறாதீங்க.

கடன் ஆபீசர் (ஓய்வு):
தங்கச்சி, வீட்டுக் கடன் வேலையிலேயே தலை நரைச்சவன் நான். கொஞ்சம் நீளமாத்தான் சொல்லணும்.

அந்த 60 ஆயிரம் ஆயுள் காப்பீடு. கடன் வாங்குனவர் தவறிப்போனா கடன் அடையும். நல்ல விஷயம்தான், ஆனா அவங்ககிட்டயே எடுத்தாகணும்னு சட்டம் கிடையாது. "கட்டாயம்னு லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க"ன்னு கேளுங்க, பேச்சு மாறும். அதைக் கடனோட சேர்த்துட்டா பிரீமியத்துக்கும் 20 வருஷம் 13 வட்டி கட்டுவீங்க. வெளியில தனியா ஒரு டேர்ம் பாலிசி (ஆள் தவறினா மட்டும் பணம் வர்ற ஆயுள் காப்பீடு) போட்டுக்கிறது மேல்.

உங்க அண்ணன் மகன் சொல்றது வேற. குறைஞ்ச வருமானக்காரங்க வீட்டுக் கடனுக்காக மத்திய அரசு 2012-ல ஒரு உத்தரவாத நிதி ஆரம்பிச்சது. ஆள் ஜாமீனோ வேற சொத்தோ கேக்காம குடுத்த கடன் வாராக்கடனா போனா, நட்டத்துல ஒரு பங்கை அந்த நிதி பேங்குக்குக் குடுக்கும். பேங்குக்குங்கிறதைக் கவனிங்க. உங்க கடன் ஒரு ரூபா கூடக் குறையாது, வீட்டு மேல நடவடிக்கையும் நிக்காது. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0 வந்தப்ப அந்த நிதியை 1,000 கோடியிலருந்து 3,000 கோடியாக்குறதா அறிவிச்சாங்க. நீங்க மனு குடுக்க ஜன்னல் எதுவும் கிடையாது, கடன் குடுக்குறவங்கதான் எடுக்கணும். மேனேஜர்கிட்ட "இந்தக் கியாரண்டியில எங்க கடனைச் சேர்ப்பீங்களா"ன்னு நேராக் கேளுங்க. தெரியாத மாதிரி முழிச்சா அடுத்த பேங்க். இதுபோக நேஷனல் ஹவுசிங் பேங்கும் பங்குதாரரா இருக்குற மார்ட்கேஜ் கியாரண்டி கம்பெனி ஒண்ணு இருக்கு, அதுவும் வீட்டுக் கடனுக்குப் பேங்குகிட்ட உத்தரவாதம் நிக்கிறதுதான். அதுக்குக் கட்டணம் உண்டு, அது கடைசியில நம்ம தலையிலதான் விழும்.

ஆனா உங்களுக்கு நிஜமான முட்டுக்கட்டை வருமானத்தைக் காட்டுறது. ஐடிஆர் இல்லாத கடைக்கு நாங்க எப்படிக் கணக்குப் போடுவோம் தெரியுமா? சொல்லாம கொள்ளாம விடியக்காலம் போய் நிப்பேன். கீழமாசி வீதியில உளுந்து எடுத்த பில்லை வாங்கிப் பாப்பேன். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, அரைச்சா ரெண்டரை, மூணு கிலோ மாவு வரும். உளுந்து மூட்டையைத் தெரிஞ்சா மாச விற்பனை தெரிஞ்சு போச்சு. அப்புறம் ஹோட்டல் பற்று வரவு நோட்டு, கரண்ட் பில்லு, ஜிபே ஸ்டேட்மெண்ட். நாலும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போனா எழுதிக் குடுத்துருவேன். (வீட்டு மீட்டர்ல கிரைண்டர் ஓடுதான்னு நான் கேக்கல, நீங்களும் சொல்லல.) உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கு அரசாங்கத்துல பண்ற பதிவு) இலவசம், போட்டு வையிங்க. இந்த வருஷத்திலருந்து ஐடிஆரும் போடுங்க.

இன்னொண்ணு, 22 லட்சத்துக்கு வித்துட்டு, பத்திரத்துல கைடுலைன் மதிப்பு (பதிவுக்கு அரசாங்கம் வச்சிருக்கிற மதிப்பு) 14 லட்சம் மட்டும் காட்டலாம்னு வீட்டை விக்கிறவர் சொல்வார். ஒத்துக்காதீங்க. 30 லட்சம் வரைக்குமான கடன்னா வீட்டு மதிப்புல 90 சதவீதம் வரை தரலாம்னு ரிசர்வ் பேங்க் விதி. 14-ன்னு எழுதுனா 12.6 லட்சத்துக்கு மேல வராது. 22-ன்னு எழுதுனா 19.8 வரை வழியிருக்கு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், கிட்டத்தட்ட 2 லட்சம், அது உங்க கைக்காசு. ஐடிஆர் இல்லேன்னா 75 சதவீதத்துலயே நிறுத்திருவாங்க. கியாரண்டி உதவுறது அந்த இடத்துலதான், பேங்குக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

19.8 லட்சம், 20 வருஷம்: 9 வட்டின்னா தவணை 17,800 சுமார். 13-ன்னா 23,200. அந்த ஃபைனான்ஸ்காரனை இப்போதைக்குத் தள்ளி வையிங்க.

பிராம்ப்டன் திருமங்கலத்தான்:
கனடாவுல இருக்கேன். இங்க கைக்காசு 20 சதவீதத்துக்குக் கீழன்னா கடன் இன்சூரன்ஸ் கட்டாயம். சிஎம்எச்சின்னு அரசாங்கக் கம்பெனியே இருக்கு, 1946-ல வந்தது. 5 சதவீதம் மட்டும் கையிலருந்து போட்டா கடன்ல 4 சதவீதம் பிரீமியம், கடன்லயே சேர்த்துருவாங்க. நானும் கட்டுறேன். இங்கயும் காசு பேங்குக்குத்தான் போகும், நமக்கில்ல. ஆனா அது இல்லேன்னா எனக்கு வீடே இல்ல. அதே சமயம், எல்லாருக்கும் கடன் சுளுவாக் கிடைச்சு வீட்டு விலையும் ஏறிப்போச்சுன்னு இங்க பெரிய சண்டையே நடக்குது.

செல்லூர் மாவுக்கடை:
ரொம்ப நன்றிண்ணே. உளுந்து பில்லு பூராம் வச்சிருக்கேன், எங்க வீட்டுக்காரரு தூக்கிப் போடச் சொன்னாரு! பிரதமர் திட்டத்துல எங்களுக்கு எதுவும் உண்டா? ஒத்திக்காரரு வேற, அடுத்த ஆளு வந்தாத்தான் பணம்ங்கிறாரு.

கடன் ஆபீசர் (ஓய்வு):
உண்டு. வருஷ வருமானம் 9 லட்சத்துக்குள்ள, வீடு 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள, நாட்டுல வேற எங்கயும் சொந்தமாப் பக்கா வீடு இருக்கக் கூடாது. முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், மொத்தம் 1.80 லட்சம் வரை, அஞ்சு தவணையா கடன் கணக்குல வரும். கையில தர மாட்டாங்க. கிரயத்துல உங்க பேரும் இருக்கட்டும்.

ஒத்தி எதுல எழுதியிருக்கு, பதிவு பண்ணதா, 20 ரூபா பத்திரமா? எதுவானாலும் காலி பண்றோம்னு இன்னைக்கே எழுத்துல குடுத்து ஒரு நகல்ல கையெழுத்து வாங்கிக்கங்க. ஆனையூர்க்காரர்கிட்ட மூணு மாசம் கெடு வச்சு அக்ரிமெண்ட் போடுங்க, கடன் கிடைக்கலேன்னா அட்வான்ஸ் திரும்பத் தரணும்னு அதுலயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. பட்டா, மூலப் பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பிளான் அப்ரூவல் நாலையும் வக்கீல் பாத்த பிறகுதான் அட்வான்ஸே.