சித்திரைக்கு நேர் தெற்கே ஒரு கோடி விண்மீன்கள்

பிடித்த வான்பொருள் எது என்றால் பலரும் சனியின் வளையத்தையோ ஓரியன் நெபுலாவையோ சொல்வார்கள். அவற்றின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனாலும் என் தேர்வு ஒமேகா சென்டாரி என்னும் கோளக் கொத்துதான், அதாவது பந்துபோல் நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டம்.

அதை முதன்முதலில் பார்த்தது விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊரொன்றில், தாய்மாமா வீட்டு மொட்டை மாடியில், ஒரு மே மாத அமாவாசை இரவில். சித்திரை நட்சத்திரத்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இக்கொத்து இருப்பதால், மே நடுவில் இரவு பத்து மணியளவில் சித்திரை உச்சிக்கு வரும்போது, அங்கிருந்து தெற்கு நோக்கி 36 பாகை இறங்கினால் போதும். நீட்டிய கையின் முட்டியால் அளந்தால் மூன்றரை முட்டி. சித்திரா பௌர்ணமியன்று மட்டும் முயல வேண்டாம், நிலவு அந்த நட்சத்திரத்துக்கு அருகிலேயே நின்று வானத்தை வெளுக்க வைத்துவிடும்.

வெறும் கண்ணுக்கு மங்கலான விண்மீனாகத் தெரிந்ததை எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் பிடித்தபோது, ஏமாற்றமாக, சாம்பல் நிறத் திட்டு ஒன்றுதான் தெரிந்தது. விரல் பட்ட கறையோ என்று கண்ணருகு வில்லையை வேட்டி நுனியால் துடைத்தேன் (செய்யக் கூடாத வேலை, பூச்சு கீறிவிடும்), திட்டு போகவில்லை. சற்றுமுன் கைப்பேசித் திரையைப் பார்த்ததுதான் காரணம் என்பது பிறகே உறைத்தது. இருபது நிமிடம் இருளில் கண்ணைப் பழக்கி, திட்டை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தபோது, விளிம்பிலிருந்து தொடங்கி உள்நோக்கி, அந்தச் சாம்பல் பொடிப்பொடியாக உடைந்து தனித்தனிப் புள்ளிகளாயிற்று.

மாமா குனிந்து பார்த்தார். “ரவையைச் சிந்துன மாதிரில்ல இருக்கு மாப்ள!” அவை ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் என்றும், அந்த ஒளி கிளம்பி 17,000 ஆண்டுகள் ஆகின்றன என்றும் சொன்னேன், மறுபடியும் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

பண்டைய வானியலர் தாலமியின் காலத்திலிருந்து இதை ஒற்றை விண்மீனாகவே எண்ணி வந்ததால்தான், 1603-இல் விண்மீன் வரைபடம் வெளியிட்ட பேயர், விண்மீன்களுக்குச் சூட்டும் கிரேக்க எழுத்துகளில் ஒன்றான ஒமேகாவை இதற்கும் சூட்டினார். இது விண்மீனன்று என்பதை 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து குறித்தவர் எட்மண்ட் ஹாலி. பாரிஸில் இது அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லையாதலால், அங்கிருந்து வானை நோக்கிய மெஸ்ஸியே தொகுத்த புகழ்பெற்ற வான்பொருள் பட்டியலில் இதற்கு இடமில்லை. அப்பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டு அதிலுள்ள எம் 13 என்னும் கோளக் கொத்தைத் தேடிக் களைக்கும் நம்மவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமே. 33 பாகை உயரத்தில், அதைவிடப் பிரகாசமாக, இது நம் தெற்கு வானில் நிற்கிறது.

மறு ஆண்டு நான் போய்ச் சேர்ந்தபோது, தெற்கே எரியும் பக்கத்து வீட்டு வாசல் விளக்கை அன்றிரவு அணைத்து வைக்கச் சொல்லி மாமா ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.