எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்றார்கள், ஈரல் வேறு சொன்னது: ஹெபடைடிஸ் பி அனுபவங்கள்

கண்டனூரான்
அப்பச்சிக்கு (எங்கள் அப்பாவுக்கு) ஹெபடைடிஸ் பி இருப்பது ரத்ததானம் செய்யப் போனபோதே தெரியும். வருஷா வருஷம் காரைக்குடியில் எஸ்.ஜி.பி.டி. எடுப்பார், ஈரல் செல் உடைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம் அது. நாற்பதைத் தாண்டியதே இல்லை. போன தையில் ஹெர்னியா ஆபரேஷனுக்காக மதுரை போனோம். டாக்டர் பழைய ரிப்போர்ட்டெல்லாம் கேட்டார். ஆத்தா எதையும் தூக்கிப் போட மாட்டார்கள், மஞ்சள் பையோடு கொடுத்தார்கள். காய்ச்சலுக்கும் செக்கப்புக்கும் எடுத்த ரத்த அணு ரிப்போர்ட்டுகளை அவர் மேஜையில் வரிசையாகப் பரப்பி, தட்டணு (பிளேட்லெட்) வரியில் மட்டும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். 1,90,000. 1,55,000. 1,30,000. அன்றைக்கு 1,10,000. ஈரலில் தழும்பு ஏற ஏற மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அப்புறம் போனில் ஃபிப்-4 என்று ஈரல் தழும்பைக் கணிக்கும் கணக்கு: அந்தத் தட்டணுவோடு வயது 55, எஸ்.ஜி.ஓ.டி. (இன்னொரு ஈரல் என்சைம்) 66, எஸ்.ஜி.பி.டி. 36. விடை 5.5. அது 3.25-ஐத் தாண்டினாலே முற்றிய தழும்பு என்று சந்தேகப்பட வேண்டுமாம். ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பேறி இறுகுவது) என்று உறுதியானது. அந்தச் சிவப்புக் கோடுகள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. எல்லாம் எங்கள் வீட்டுப் பையில்தானே இருந்தது!

பள்ளத்தூர் மருமகள்
அண்ணே, அதற்காக எஸ்.ஜி.பி.டி.யே உதவாது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு எஸ்.ஜி.பி.டி. 34, லேப் தாளில் நார்மல். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டியில் பெண்களுக்கு மேல்வரம்பு 19தான். வைரஸ் அளவும் 2,000-க்கு மேல் இருந்ததால் மாத்திரை ஆரம்பித்தார்கள். எனக்கு ஆறாதது வேறு. ரிசல்ட் வந்த அன்று மாமியார் எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்தார்கள். ஒரே டம்ளரில் குடிப்பதால் இது பரவாது. நர்ஸம்மா வந்து சொன்ன பிறகும் அந்த டம்ளர் அங்கேயேதான் இருந்தது.

குன்றக்குடி மயில்
என் தாய்மாமா வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிக்கு மாறினார். சில மாதத்தில் கண் மஞ்சள், எஸ்.ஜி.பி.டி. 900. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் 300-க்கு இறங்கியது. அத்தை காவடிக்கு நாள் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் முகம் மட்டும் இறுகியிருந்தது. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் 14-இலிருந்து 19, ரத்தம் உறையத் தாமதமானால் ஏறும் ஐ.என்.ஆர். 1.6-இலிருந்து 2.4. உடைவதற்கு ஈரல் செல் மிச்சமில்லாவிட்டாலும் எஸ்.ஜி.பி.டி. இறங்கும், ஈரல் வேலை செய்கிறதா என்பதை ஐ.என்.ஆரில் பாருங்கள் என்றார். மாமா பிழைத்ததே பெரிய விஷயம்.

புதுவயல் லேப் தம்பி
மயில் அக்கா, மாமா மேல் மட்டும் குற்றமில்லை. சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் கீழாநெல்லி பற்றி நல்ல பலன் என்று எழுதினார்கள். இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளம்பெர்க்கும் அதில் ஒருவர். பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. மாத்திரையை மட்டும் யாரும் தானாக நிறுத்தாதீர்கள்.

ஃபிப்-4 பற்றியும் சொல்ல வேண்டும். டெங்குவில் தட்டணு இறங்கிய ஒரு பையன், போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ராத்திரி எங்கள் கவுன்டரில் நின்று அழுதான். காய்ச்சலிலும் மஞ்சள் காமாலையிலும் அந்தக் கணக்கைப் போடவே கூடாது. 35 வயதுக்குக் கீழும் நம்ப முடியாது. ஃபைப்ரோஸ்கேனுக்கு மூன்று மணி நேரமாவது சாப்பிடாமல் போங்கள். கண்டனூர் அண்ணே, அப்பச்சிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேனும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் கட்டாயம், சிரோசிஸில் புற்றுநோயைச் சீக்கிரம் பிடிக்க அதுதான் வழி. வீட்டில் மற்றவர்களுக்குப் பார்த்தாச்சா? தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடலாம்.

கண்டனூரான்
தங்கைக்குப் பார்க்கவில்லை தம்பி, நாளைக்குக் கூட்டி வருகிறேன். வெறும் வயிறா?

புதுவயல் லேப் தம்பி
வேண்டாம் அண்ணே, சாப்பிட்டே வாங்க.