வகுப்பறையில் மெக்சிகோ நாட்டுப்புறக் கலை: ஆசிரியர்களின் அனுபவங்கள்

ஹூஸ்டனிலிருந்து

ஆரம்பப் பள்ளியில் ஓவிய ஆசிரியை நான். மெக்சிகோ, ஹோண்டுராஸ், வியட்நாம், நைஜீரியா, நம்மூர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு. அக்டோபர் வந்தால் 'பாப்பெல் பிகாடோ' எடுப்பேன். விழாக்களில் தெருவுக்குக் குறுக்கே கட்டும் காகிதத் தோரணம் அது. புவெப்லா மாநிலத்தின் சான் சல்வடோர் உயிக்ஸ்கொலொட்லா என்ற ஊர் இதற்குப் பேர்போனது. மெல்லிய வண்ணத்தாள்களைக் கட்டாக அடுக்கி, மேலே மாதிரிப் படத்தை வைத்து, விதவிதமான சிற்றுளிகளைச் சுத்தியலால் தட்டி மொத்தக் கட்டையும் ஒரே மூச்சில் வெட்டிவிடுவார்கள்.

பள்ளியில் உளி தர முடியாது. தாளை மடித்துக் கத்தரிக்கோலால்தான் வெட்டுகிறோம். பார்க்கச் சுலபம், ஆனால் பறவையை வெட்டும்போது அலகோ வாலோ சுற்றியுள்ள தாளோடு ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பறவை கையோடு வந்துவிடும், தோரணத்தில் ஓட்டைதான் மிஞ்சும். புவெப்லா கலைஞர்கள் பின்னணியில் வலைபோல மெல்லிய கட்டங்களை விட்டுவைப்பது இதற்காகத்தான். ஒரு வியட்நாமியப் பையன், நான் சொல்லித்தருவதற்கு முன்பே, சேவலின் கொண்டையிலிருந்து விளிம்பு வரை குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளை விட்டு வெட்டியிருந்தான். புவெப்லா தோரணத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

ஒரு விஷயத்தில் நான் கறார். மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளையிடம் "உங்க ஊர்க் கலைதானே, நீ சொல்லு" என்று கேட்க மாட்டேன். பலரும் ஹூஸ்டனிலேயே பிறந்தவர்கள். சென்னைப் பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, தஞ்சாவூர்த் தட்டு எப்படிச் செய்வார்கள் என்று கேட்பது போலத்தான் அது. எல்லோருக்கும் புதுப் பாடமாகவே நடத்தினால், சொல்ல ஆசைப்படும் பிள்ளை தானாகவே வாய் திறக்கும். வகுப்பில் பேசவே பேசாத ஒரு சிறுமி எழுந்து வந்து, இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும் மேஜையின் ஓரத்தில் பாட்டி இந்தத் தாளை எப்படித் தொங்கவிடுவார் என்று தானே செய்து காட்டினாள்.

டொராண்டோவிலிருந்து

ஏழாம் வகுப்புக்கு நான் 'அலெப்ரிஹே' எடுக்கிறேன். பல மிருகங்களின் உறுப்புகளைக் கலந்து செய்யும் வண்ண உருவம் அது. மெக்சிகோ நகரில் காகிதப் பொம்மை செய்து பிழைத்தவர் பேத்ரோ லினாரெஸ். 1936இல் கடும் காய்ச்சலில் கிடந்தபோது, சிறகு முளைத்த கழுதையும் கொம்பு வைத்த சேவலும் கனவில் வந்ததாகவும், அவை கத்திய சொல்தான் அலெப்ரிஹே என்றும் சொல்லிவந்தார். பிழைத்தெழுந்து அவற்றைச் செய்யத் தொடங்கியவருக்கு 1990இல் அந்நாட்டுத் தேசிய விருது கிடைத்தது. இணையத்தில் தேடினால் மெக்சிகோவின் வஹாகா மாநிலத்து மர உருவங்கள்தான் அதிகம் வரும். அவை 'கோபால்' (copal) என்ற மரத்தில் செதுக்குபவை, பின்னால் வந்தவை. இதைச் சொல்லாமல் நான் பாடத்தைத் தொடங்குவதில்லை.

கம்பிக் கூடு, செய்தித்தாள், நம்மூரில் போஸ்டர் ஒட்டக் காய்ச்சும் அதே மைதாப் பசை, இவ்வளவுதான் பொருள். ஒரு சுற்று நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த சுற்று ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். எந்த மிருகம் என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவேன். சோமாலியாவிலிருந்து வந்த ஒரு பெண் ஒட்டகத்துக்கு மீன் செதில் வரைந்தாள். ஒவ்வொரு செதிலுக்குள்ளும் மூன்று வண்ணப் புள்ளி வைத்து, மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

சான் ஹோசேயிலிருந்து

ஐஸ் குச்சி இரண்டைக் குறுக்காகக் கட்டி நூல் சுற்றும் 'கடவுளின் கண்' நிறையப் பள்ளிகளில் பொழுதுபோக்கு வேலையாக நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேற்கு மெக்சிகோ மலைகளில் வாழும் விராரிகா மக்கள், வெளியார் ஹுய்சோல் என்று அழைப்பவர்கள், குழந்தைகளின் நலனுக்காக வேண்டிப் படைக்கும் பொருள் அது. அதனால் அவர்களுடைய நூல் ஓவியத்தைச் சொல்லித்தருகிறேன். அது அவர்களே விற்பனைக்கென்று செய்வது. பலகையில் தேன்மெழுகைப் பூசி, வண்ண நூலை ஒவ்வோர் இழையாக விரலால் அழுத்திப் பதிப்பார்கள். முதலில் உருவத்தின் ஓரம், அப்புறம் உள்பக்கம்.

வகுப்பில் மெழுகுக்குப் பதில் பசைதான். அது விரலில் ஒட்டி, பதித்த நூலையும் சேர்த்துக் கிளப்பிவிடுகிறது. சின்னப் பிள்ளைகளோடு தேன்மெழுகைப் பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால், எப்படி இளக்கினீர்கள் என்று எழுதுங்கள்.