அறுந்த வயருக்கு ஈயம் வைப்பதா, கிரிம்ப் செய்வதா?

சாலைவாசி: என் காரில் ஓட்டுநர் பக்கக் கதவுக்கும் அது பொருந்தியிருக்கும் உடல் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்க்குள், கண்ணாடி மோட்டாருக்குச் செல்லும் வயர் அறுந்துவிட்டது. ஈயத்தை உருக்கி வைத்து இணைக்கலாமா, கிரிம்ப் (உலோகத் துண்டை வயர்மேல் நசுக்கிப் பிடிக்கச் செய்வது) செய்ய வேண்டுமா?

ஈயக்கோல்: ஈயமே வையுங்கள் ஐயா. பிளேயரால் நசுக்கிய இணைப்புகள் சில மாதங்களிலேயே தளர்ந்து, பச்சை பூத்து, சூடேறிக் கருகி என் பட்டறைக்கு வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கம்பிநேசன்: அது பிளேயரின் குற்றம், கிரிம்பின் குற்றமன்று. வயரின் கனத்துக்கும் டெர்மினலுக்கும் (வயர் முனையில் பொருத்தும் உலோகத் துண்டு) பொருந்தும் அச்சுள்ள ரேட்செட் கருவியால் (முழுதாக அழுத்தும்வரை பிடியை விடாத கிரிம்ப் கருவி) அழுத்தினால், செம்பு இழைகள் உருண்டை வடிவை இழந்து, காற்று நுழைய இடமின்றி ஒன்றோடொன்று இறுகுகின்றன; அந்த இணைப்பைக் குறுக்கே அறுத்துத் தேய்த்துப் பார்த்தால் தேனடையைப் போலத் தெரியும். ஈயமோ உருகியதும் இழைகளின் இடுக்கில் ஏறி, வயரின் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் சென்றுவிடுகிறது. அது ஏறிய இடம்வரை வயர் குச்சிபோல விறைத்துவிடுவதால், கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மடிப்பு அந்த எல்லையிலேயே விழுந்து, இழை இழையாக அங்கேயே அறும்.

ஈயக்கோல்: கதவு மடியும் இடத்துக்கு அது பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் அசையாமல் கிடக்கும் வயருக்கு என்ன கேடு? நல்ல ரேட்செட் கருவி எல்லாப் பட்டறையிலும் இருப்பதில்லை. தவறான அச்சில் அழுத்திய கிரிம்பைவிட ஒழுங்காக வைத்த ஈயம் மேல்.

கம்பிநேசன்: வயரை அசையாமல் கட்டி வைத்தால் அதை நான் எதிர்க்கவில்லை. நான் எதிர்ப்பது, இழைகளுக்கு முதலில் ஈயம் பூசிவிட்டுப் பிறகு கிரிம்ப் செய்யும் வழக்கத்தை. ஈயம் அழுத்தத்தில் நாளடைவில் நெகிழ்ந்து கொடுப்பதால் பிடி தளர்ந்துவிடும். டெர்மினலில் வயரை மடக்கிப் பிடிக்க இரண்டு ஜோடி இறக்கைகள் இருப்பதையும் பலர் கவனிப்பதில்லை. முன் ஜோடி செம்பைப் பிடிக்க வேண்டும், பின் ஜோடி உறையைப் பிடிக்க வேண்டும். இரண்டும் செம்பிலேயே அமர்ந்தால் அதிர்வு முழுவதையும் இழைகளே தாங்க நேரும்.

சாலைவாசி அவர்களே, ரப்பர் குழாய்க்குள் எந்த இணைப்பும் வேண்டாம். அதே கனமுள்ள, நன்றாக வளையும் புது வயரைக் குழாய் வழியாக இழுத்து, ஓர் இணைப்பைக் கதவுக்குள்ளும் மற்றொன்றைத் தூணுக்குள்ளும் வையுங்கள். இரு வயர் முனைகளையும் இணைக்கும் உலோகக் குழலான ஸ்லீவை அழுத்தியதும் கையால் இழுத்துப் பாருங்கள், பிறகு உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்கை (சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழல்) சூடேற்றிச் சுருக்குங்கள்.

ஈயக்கோல்: அந்த இடத்துக்கு நானும் இதையே சொல்வேன். கதவைக் கழற்றாமல் வயரை இழுக்க, முதலில் ஒரு மெல்லிய கம்பியைக் குழாய் வழியாக நுழைத்து, அதன் முனையில் புதியதைக் கட்டி இழுங்கள்.